மீட்புக் கூட்டத்துக்கு எவ்வளவு தூரம்?

சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் பாதையில் பொங்கோலிலிருந்து புறப்படும் பயணிக்கு இரண்டாவது நிறுத்தம் புவாங்கோக், பத்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. நாட்டின் மனநலக் கழகம் புவாங்கோக் வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆகவே, மதுவிலிருந்து மீள விரும்பும் பொங்கோல்வாசித் தமிழர் ஒருவருக்கு அவருடைய வீடும், சிகிச்சை கிடைக்கும் இடமும், வார இறுதிகளில் நண்பர்களோடு குடித்துப் பழகிய, லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரமும் ஒரே தண்டவாளத்தின் மேல் அமைந்துவிடுகின்றன. மீட்புக்கான ஆதரவுக் குழுக் கூட்டம் ஒன்றைத் தேடும்போது அது வீட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்பது வெறும் வசதி பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும், அதற்குள் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும் இரண்டு விசைகள் இருக்கின்றன. அருகில் இருந்தால் தவறாமல் போவது எளிதாகும். ஆனால் அருகில் இருப்பதாலேயே தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்ற அச்சமும் கூடும்.

ஆதரவுக் குழு என்பது ஒரே சிக்கலை அனுபவித்தவர்கள் கட்டணமின்றித் தமக்குள் கூடி, தம் அனுபவத்தைப் பகிர்ந்து, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் அமைப்பு. மருத்துவமனையில் மனநல ஆலோசகர் ஒருவர் தலைமையில் நடக்கும் குழுச் சிகிச்சையிலிருந்து இது வேறுபட்டது; இங்கே நோயாளி என்றும் வைத்தியர் என்றும் பிரிவில்லை, கோப்பு இல்லை, பதிவேடு இல்லை. இந்த வேறுபாட்டில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருப்பதால் முதலில் உடலைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

மது, மூளையில் நரம்புகளின் துடிப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் விளைவைக் கூட்டி, அவற்றைத் தூண்டும் குளூட்டமேட்டின் விளைவைக் குறைக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை இந்த அழுத்தத்தை ஈடுகட்டத் தன் தூண்டல் அமைப்பை மெல்ல மெல்ல உயர்த்திக்கொள்கிறது. குடிக்காமல் இயல்பாக இருக்க முடியாத இந்த நிலையே உடல்சார்புநிலை எனப்படுகிறது. திடீரென்று மது நின்றுபோனால், அடக்கி வைத்திருந்த கை விலகிவிட, உயர்த்தப்பட்ட தூண்டல் மட்டும் எஞ்சுகிறது. சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாதவற்றைக் கண்டும் கேட்டும் மனம் குழம்புகிற டெலிரியம் டிரெமென்ஸ் என்ற, உயிரையே பறிக்கக்கூடிய நிலை உருவாகலாம். எனவே காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது என்ற நிலையில் உள்ளவர் வீராப்பாக நிறுத்திவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போவது தவறான வரிசை. மருத்துவக் கண்காணிப்பில் மது நீக்கமும் தையமின் என்ற பி1 வைட்டமினும் முதலில், கூட்டம் அதற்குப் பின்னர். பொங்கோலில் இருப்பவர் வட்டாரப் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம்; மனநலக் கழகத்தில் இயங்கும், நாம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவின் 6732 6837 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஏக்கம் அவ்வாறு அடங்குவதில்லை. மது கிடைக்கும்போதெல்லாம் சுரந்த டோப்பமின், அந்த நேரத்தில் சுற்றியிருந்த எல்லாவற்றையும், தெருமுனை, பாட்டு, பொரித்த மீன் வாசனை, குறிப்பிட்ட நண்பர் குரல் என அனைத்தையும், மதுவின் முன்னறிவிப்புகளாக மூளைக்குக் கற்பித்திருக்கிறது. குறிப்புத் தூண்டல் என்று உளவியலாளர் அழைக்கும் இந்தக் கற்றல், பல மாதங்கள் குடிக்காதிருந்தவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் காய்கறி வாங்கப் போன இடத்தில் மடக்கிவிடுகிறது. 2013 டிசம்பர் 8 அன்று அதே வட்டாரத்து ரேஸ் கோர்ஸ் சாலையில் நேர்ந்த உயிரிழப்பையும் அதைத் தொடர்ந்த கலவரத்தையும் அடுத்து உருவான மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. தீவெங்கும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பதை அது தடைசெய்தது. லிட்டில் இந்தியா, கேலாங் ஆகிய இரு வட்டாரங்களில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை முழுமையாகவே தடைசெய்தது. பொது ஒழுங்குக்காக இயற்றப்பட்ட இச்சட்டம், மீள முயல்பவரின் பார்வையில் தெருவிலிருந்து சில தூண்டல்களை அகற்றியிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் உரிமம் பெற்ற கடைக்குள்ளும் வீட்டுக் குளிர்பெட்டிக்குள்ளும் சட்டம் நுழைவதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குக் கீழேயே பீர் கிடைக்கும் காப்பிக்கடை இருக்கும்போது, குடிக்காத நண்பர் என்று ஒருவர்கூட இல்லாதவருக்குத் தெருத்தடை பெரிய துணையாகிவிடாது.

மதுவை எதிர்கொள்வதில் மலாயாத் தமிழருக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதும், அந்த வரலாறு ஆதரவுக் குழுக்களின் வழியிலிருந்து முற்றிலும் வேறானது என்பதும் இங்கே கவனிக்கத் தக்கவை. ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் அனுமதியோடு நடந்தது. உழைத்து ஈட்டிய கூலியின் ஒரு பங்கு மாலையில் அங்கேயே திரும்பிப் போனது. கள் குடியை ஒழிப்பது சீர்திருத்தப் பேச்சுகளில் இடம்பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற இளைஞர் அமைப்பு கள்ளுக்கடைகளுக்கு எதிராக அணிவகுத்தது, 1947இல் அது காவல்துறையுடன் மோதும் அளவுக்குச் சென்றது. அந்த இயக்கங்களின் கண்ணில் எதிரி கடை. கடையை மூடினால் மனிதன் மீள்வான்.

ஆதரவுக் குழுக்களின் வழி வேறோர் இடத்தில் தொடங்கியது. 1935 ஜூன் 10 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் கடைசி முறையாகக் குடித்தார். அவரைச் சந்தித்துப் பேசியிருந்த நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சனும் குடியால் சீரழிந்தவரே. குடிக்கும் இன்னொருவரிடம் தன் கதையைச் சொன்னால், கேட்டவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும், சொன்னவருக்கு அன்றைய பொழுது குடிக்காமல் கழிகிறது என்பதே வில்சன் கண்டுகொண்டது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயரை வெளியிடாத குடிநோயாளர் என்ற அமைப்பு அந்த ஜூன் நாளைத் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. தமிழ்நாட்டில் அதை ஏ.ஏ. என்றே சொல்கிறார்கள், 'குடிகாரன்' என்ற வசைக்குப் பதிலாகக் 'குடிநோயாளி' என்ற சொல் அங்கே பரவியதில் இக்கூட்டங்களுக்கும் பங்குண்டு.

இந்த அமைப்பு கடையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, மதுவிலக்கை ஆதரிப்பதும் இல்லை, எதிர்ப்பதும் இல்லை. இந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு பழைய தோல்வி இருக்கிறது. 1840இல் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டனியர் இயக்கமும் ஏ.ஏ.யைப் போலவே அனுபவப் பகிர்வில் எழுந்து, மிக வேகமாகப் பரவி, பின்னர் மதுவிலக்கு அரசியலிலும் பிற சர்ச்சைகளிலும் சிக்கிச் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. 1950இல் ஏ.ஏ. ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகள் அந்தக் கதி நேராதிருக்கப் போட்ட வேலி எனலாம்: வெளியார் நன்கொடை பெறுவதில்லை, வெளிவிவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை, ஊடகங்களில் உறுப்பினர் பெயர் வெளிவருவதில்லை, சேர்வதற்குக் குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். தொண்டர் படை வழியும் ஏ.ஏ. வழியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. கடையைக் குறைப்பது புதிதாகக் குடிப்பவர் எண்ணிக்கையைக் குறைக்கிறது, ஏற்கெனவே சார்புநிலைக்குள் போய்விட்டவருக்கோ வேறொன்று தேவைப்படுகிறது.

இந்த வேறொன்று உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பது நெடுங்காலம் சர்ச்சைக்குரியதாகவே இருந்தது. பெயரில்லாதவர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுப்பது கடினம். தாமாகக் கூட்டத்துக்குப் போகிறவர் ஏற்கெனவே மீளும் உறுதி மிக்கவராக இருக்கலாம் என்ற ஐயமும் நியாயமானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஏ.ஏ. பயனுள்ளது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. 2020இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி ஆகியோர் 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் உள்ளடக்கிச் செய்த புதிய மதிப்பாய்வு அந்த முடிவை மாற்றியது. ஏ.ஏ.யில் ஈடுபடும்படி முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் முற்றிலும் குடிக்காதிருந்தோர் ஏறத்தாழ 42 விழுக்காடு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளைப் பெற்றவர்களில் அது 35 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டுமே முழு வெற்றி தரவில்லை என்பதையும் இந்த எண்கள் சொல்கின்றன.

ஏன் வேலை செய்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடை இன்னும் சுவையானது. ஏ.ஏ.யின் மீட்பு வழிமுறையான பன்னிரண்டு படிகளில் இறைநம்பிக்கைக்குப் பெரும் இடம் இருந்தாலும், பயனின் பெரும்பகுதி உறுப்பினரின் நட்பு வட்டம் மாறுவதிலும், குடிக்கத் தூண்டும் சூழலில் தன்னால் தாக்குப்பிடிக்க முடியும் என்ற நம்பிக்கை வளர்வதிலும் இருந்தே வருகிறது என்று கெல்லியின் ஆய்வுகள் காட்டின. மார்க் லிட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் நெருங்கிய வட்டத்தில் குடிக்காத ஒருவர் புதிதாகச் சேர்ந்தாலே அடுத்த ஆண்டில் குடிக்காதிருக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு கூடியது. கூட்டம் என்பது மருந்தைவிட மருந்தகத்துக்கு நெருங்கியது. அங்கே பெற வேண்டிய மருந்து ஒரு மனிதர்.

இவ்வாறு பார்த்தால் தூரம் ஏன் முக்கியம் என்பது விளங்கும். மனித உறவு ஒருநாளில் ஏற்படுவதில்லை, திரும்பத் திரும்பப் போனால்தான் ஏற்படும். ருடால்ஃப் மூஸும் பெர்னிஸ் மூஸும் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், முதல் ஆண்டில் 27 வாரங்களோ அதற்கு மேலோ ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போனவர்கள், போகாதவர்களைவிடப் பதினாறாம் ஆண்டில் குடியின்றி இருக்கும் வாய்ப்பு மிகுந்தவர்களாக இருந்தார்கள். அத்தனை வாரங்கள் போக வைப்பது எது? பால்டிமோரில் போதைச் சிகிச்சைக்குப் புறநோயாளிகளாக வந்தவர்களைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வொன்று, ஒரு மைல் தொலைவுக்குள்ளிருந்து வந்தவர்களுக்கு, அதைவிடத் தொலைவிலிருந்து வந்தவர்களைக் காட்டிலும் சிகிச்சையை நிறைவுசெய்யும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. பால்டிமோரின் பேருந்தோடு சிங்கப்பூரின் ரயிலை ஒப்பிட முடியாதுதான். ஆயினும் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து, பொங்கோலில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டு, மறுபடியும் நகரின் மறுகோடிக்குப் போக வேண்டுமென்றால் மூன்றாம் வாரத்திலேயே சாக்கு முளைத்துவிடும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

இனி எதிர்விசை. சிங்கப்பூர் சிறிய நாடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் குடியிருப்பாளரில் இந்தியர் 9 விழுக்காடு, தமிழர் அதற்குள் ஒரு பகுதி. கோயிலிலும் திருமண வீட்டிலும் பிள்ளையின் தமிழ் வகுப்பிலும் அதே முகங்களைப் பார்க்கும் சமூகத்தில், 'பெயர் வெளியிடாதவர்' என்பது நியூயார்க்கில் இருப்பதைப் போல எளிதன்று. நாட்டில் 2010இல் நடந்த மனநல ஆய்வு, மதுவைத் தீங்கு நேருமளவுக்குப் பயன்படுத்துபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எந்த உதவியையும் நாடவில்லை என்று கண்டது. வாழ்நாளில் ஒருமுறையேனும் அந்நிலைக்கு உள்ளானோர் பெரியவர்களில் அப்போது 3.1 விழுக்காடு, 2016 ஆய்வில் 4.1 விழுக்காடு. உதவி இல்லாததால் மட்டும் இந்த இடைவெளி விளைந்திருக்க முடியாது. வெட்கத்துக்கும் அதில் பங்கு இருந்தாக வேண்டும்.

வெட்கத்தைக் கடக்க இரண்டு எதிர்மாறான வழிகள் உண்டு. ஒன்று தொலைவு: யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போய்விடுவது. மற்றொன்று வெளிப்படை. குடிநோயால் 1979இல் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் பதினைந்து நாள் கிராம முகாம்களை நடத்தியது. சிகிச்சை நோயாளியின் ஊருக்கே போனது, உள்ளூர் அமைப்பு இடம் தந்தது, குடும்பத்தாரும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். யார் குடிப்பவர் என்பது ஊருக்கு முன்பே தெரிந்த நிலையில் ஒளிக்க எதுவும் இல்லை. ஒளிப்பதற்குப் பதிலாக ஊரே கண்காணிப்பாகவும் தாங்கலாகவும் மாறியது. வீவக அடுக்குமாடியில் எதிர்வீட்டுக் கதவு மூடியிருக்கும் பொங்கோலுக்கு மஞ்சக்குடி முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர இயலாது. எனவே அங்கே வாழ்பவருக்கு ஓர் இடைத்தூரம் பொருத்தமாகத் தோன்றுகிறது. சிராங்கூன் நிலையம் பொங்கோலிலிருந்து ஐந்து நிறுத்தம், லிட்டில் இந்தியாவிலிருந்தும் ஐந்து நிறுத்தம். அண்டை வீட்டாரையும் பழைய கூட்டாளிகளையும் ஒருசேரத் தவிர்க்கலாம், போகவர ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தும் விடும். தெரிந்தவரைக் கூட்டத்தில் சந்தித்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சுபவர், அந்தத் தெரிந்தவரும் அதே காரணத்துக்காகவே அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இருவரில் ஒருவர் ரகசியத்தை உடைத்தால் இருவருடையதும் உடையும் என்பதால், இந்தச் சமநிலையே வாய்மொழி உறுதியைவிட வலுவான பூட்டாகிறது.

மொழியிலும் இப்படியொரு தூரம் இருக்கிறது. சிங்கப்பூரின் ஏ.ஏ. கூட்டங்கள் வாரத்தின் எல்லா நாள்களிலும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பன்மொழியாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் தாய்மொழிச் சொற்கள் உணர்ச்சியை ஆழமாகக் கிளறுவதையும், பின்னர் கற்ற மொழி ஒருவகை விலகலைத் தருவதையும் காட்டியிருக்கின்றன. மனைவியை அடித்ததையும் பிள்ளையின் உண்டியலை உடைத்ததையும் முதன்முதலில் சொல்ல ஆங்கிலத்தின் அந்த விலகல் உதவக்கூடும். ஆனால் அம்மாவைப் பற்றிப் பேச வரும்போது தமிழ் தேவைப்படும். ஆங்கிலம் சரளமாக வராத கட்டுமானத் தொழிலாளிக்கு இந்தத் தேர்வே இல்லை. ஏ.ஏ. மரபின்படி இருவர் அல்லது மூவர் கூடினாலே ஒரு குழு ஆகிவிடும் என்பதால், ஆங்கிலக் கூட்டத்தில் சந்தித்துக்கொண்ட இரு தமிழர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் தனியாகத் தமிழில் பேசத் தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கூட்டத்தைத் தேடுபவர் தெரிந்துகொள்ள வேண்டிய பாகுபாடு ஒன்று உண்டு. 'திறந்த கூட்டம்' என்று குறிக்கப்பட்டதற்குக் குடும்பத்தாரும் ஆர்வமுள்ள எவரும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடியை விட விரும்புபவருக்கு மட்டுமே உரியது. ஐயத்தோடு இருப்பவர் திறந்த கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். பேசும் முறை வரும்போது வேண்டாம் என்று சொல்வது குற்றமாகக் கருதப்படுவதில்லை. தேவாலயத்து அறைகளில் பல கூட்டங்கள் நடப்பதைக் கண்டு இந்துவோ முஸ்லிமோ தயங்கினால், அங்கே தேவாலயம் அறையை மட்டுமே தருகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. படிகள் குறிப்பிடும் இறைவனை அவரவர் புரிந்துகொண்டவாறு கொள்ளலாம். இறைவனே வேண்டாம் என்பவருக்கு 1994இல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்மார்ட் ரிக்கவரி, நடத்தைச் சிகிச்சையின் உத்திகளைக் குழுவாகப் பயிலும் மாற்று வழியைத் தருகிறது; சிங்கப்பூரில் வி கேர் போன்ற சமூகச் சேவை அமைப்புகளிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்பது ஏ.ஏ.வே பிடிக்கவில்லை என்று பொருள்படாது. ஒவ்வொரு குழுவுக்கும் அதில் இருப்பவர்களைப் பொறுத்து ஒரு குணம் அமைகிறது, நான்கைந்து குழுக்களையாவது பார்த்தபின் ஒன்றைத் தன் குழுவாகக் கொள்வதே அனுபவசாலிகள் சொல்லும் முறை.

இவ்வளவும் குடிப்பவரே தேடிப் புறப்படுவார் என்ற எண்ணத்தில் சொல்லப்பட்டவை. பல தமிழ் வீடுகளில் முதலில் தேடத் தொடங்குவது மனைவி, அக்கா, அல்லது வயதுக்கு வந்த மகள். அவர்களுக்கென 1951இல் வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டோர் தொடங்கியது அல்-அனான். குடிப்பவரைத் திருத்துவது தன் வேலையல்ல, அவரோடு வாழ்பவரின் மன அமைதியே தன் வேலை என்று அது தெளிவாகவே சொல்கிறது. குடிப்பவரை உதவிக்கு அழைத்து வருவதே நோக்கமானால் வேறு முறை தேவைப்படும். 1999இல் வில்லியம் மில்லர், ராபர்ட் மெயர்ஸ், ஸ்காட் டோனிகன் ஆகியோர் 130 குடும்பத்தாரிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். அல்-அனான் வழியில் ஆற்றுப்படுத்தப்பட்டோரின் வீடுகளில் 13 விழுக்காட்டிலும், உறவினர் திரண்டு நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் 30 விழுக்காட்டிலும் குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தார். குடிக்காத பொழுதுகளில் அன்பும் கவனிப்பும் கூட்டி, குடித்த பொழுதுகளில் சண்டையிடாமல் விலகி, அதன் விளைவுகளை மூடி மறைக்காமல் விடும் கிராஃப்ட் என்ற முறையிலோ அது 64 விழுக்காடு. அந்த முறையில் குடும்பத்தாருக்குக் கற்பிக்கப்படும் இறுதிப் பாடம் நேரம் பற்றியது: உதவி நாடும் மனநிலை வந்த வேகத்திலேயே போய்விடும் இயல்புடையது என்பதால், அவர் 'சரி, போகலாம்' என்று சொல்லும் நாளுக்கு முன்பே எந்த மருந்தகம், எந்தக் கூட்டம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் விசாரித்து எழுதி வைத்திருக்க வேண்டும்.